உய்த்தறிவும் ஊகமும்: நியாயித்தற் சோதனை வினாக்கள் குறித்து ஒரு விளக்கம்

நியாயித்தல் ஆற்றலை அளவிடும் வினாக்கள் இன்று பரீட்சைகளில் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டன. அமெரிக்காவிற் சட்டக் கல்லூரி அனுமதிக்கான சோதனை 1948ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்று வருகின்றது. தரப்பட்ட பந்தியொன்றிலிருந்து எம்முடிவு பெறப்படும் என்று கேட்கும் வினாக்கள் அதில் முக்கியமான பகுதியாகும். நமது நாட்டிலும் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த க.பொ.த. உயர்தரச் சீர்திருத்தத்தோடு, எல்லாத் துறை மாணவர்க்கும் பொதுச் சாதாரண பரீட்சை என்றொரு வினாத்தாள் விதிக்கப்பட்டது. அரச சேவை ஆட்சேர்ப்புப் பரீட்சைகளிலும் இவ்வகை வினாக்கள் இடம்பெறுகின்றன.

இவ்வினாக்களைப் பற்றி நம்மிடையே இருவகை மனோபாவங்கள் உள. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வோர் இவற்றைச் சில குறுக்குவழிகளால் வெல்லத்தக்க புதிர்களாகக் கருதுகின்றனர். முற்போக்குச் சிந்தனையாளர் சிலரோ, முறைசார் அளவையியல் இயக்கவியலுக்குப் புறம்பான வரட்டு வடிவவாதம் என்று கூறி இவற்றை ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு மனோபாவங்களும் தவறானவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. எடுகூற்றுகள் தருவதற்கு மேல் ஓர் அங்குலமும் செல்லாதிருத்தல் என்னும் ஒழுக்கத்தையே இவ்வினாக்கள் கோருகின்றன. அவ்வொழுக்கம் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடுவதன்று. இலக்கிய ஆய்வுக்கும் அரசியல் வாதத்துக்கும் அது இன்றியமையாதது.

வலிமையும் உண்மையும்

முதலில் அடிப்படையான ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். கூற்றொன்று உண்மையானதாகவோ பொய்யானதாகவோ இருக்கலாம். வாதமொன்று வலிதானதாகவோ வலிதற்றதாகவோ இருக்கலாம். எடுகூற்றுகள் யாவும் உண்மையாயிருந்தும் முடிவு பொய்யாதல் இயலாது என்னும் நிலை இருப்பின் அவ்வாதம் வலிதானது. எனவே வலிதற்ற வாதமொன்றின் முடிவு தற்செயலாக உண்மையாக இருக்கலாம். வலிதான வாதமொன்றின் முடிவு, எடுகூற்றுப் பிழையினாற் பொய்யாகவும் இருக்கலாம். ‘பின்வருவனவற்றுள் எது பெறப்படும்?’ என்று வினவப்படும்போது, ‘எது உண்மை?’ என்று வினவப்படவில்லை. மாணவர் இழைக்கும் தவறுகளிற் பெரும்பாலானவை இவ்விரு வினாக்களையும் ஒன்றாகக் கொள்வதனாலேயே நேர்கின்றன.

இவ்வேறுபாடு தமிழ் மரபுக்குப் புதியதன்று. மணிமேகலையின் 29ஆவது காதையாகிய தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையிலே அறவணவடிகள் பௌத்த அளவையியலைப் போதிக்கின்றார். பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகிய உறுப்புக்கள் அங்கு விளக்கப்படுகின்றன. நன்முறை வாதத்தை விளக்குவதோடு அமையாது, பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 எனப் பிழைபட்ட வாத வகைகளும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறப்படுகின்றன. சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு இப்பகுதி நெருங்கிய ஒப்புமையுடையது என்பது ஆய்வாளர் சுட்டிக்காட்டிய செய்தியாகும். காப்பியமொன்றின் தலைவி துறவு நிலையில் முதலிற் கற்க வேண்டியவற்றுள் ஒன்றாகப் போலிகளின் பட்டியல் வைக்கப்பட்டிருப்பது கவனித்தற்குரியது. சமயவாதிகள் ஒருவரோடொருவர் பொருதிய சூழலில், பிழையான வாதத்தை இனங்காணல் ஓர் உயிர்த் தேவையாக இருந்தது.

இந்திய அளவையியலார் அனைவரும் எடுத்தாளும் புகை–நெருப்பு உதாரணத்தையே நோக்குவோம். புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ளது, இம்மலையிற் புகையுள்ளது, ஆகவே இம்மலையில் நெருப்புள்ளது. இது வலிதானது. இதனையே திருப்பி, நெருப்புள்ளமையாற் புகையும் உள்ளது என்று முடிவு செய்தால் அது வலிதற்றதாகிவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்புண்டு, புகையில்லை என்று நையாயிகர் இதற்கு விடை கூறினர். முன்னுறுப்பிலிருந்து பின்னுறுப்புக்குச் செல்லும் பாதை, பின்னுறுப்பிலிருந்து முன்னுறுப்புக்கு மீளும் பாதையன்று. நவீன சோதனை வினாக்களில் வரும் தவறான விடைகளிற் கணிசமானவை இந்த இரும்புக் குண்டை மறந்தவர்களுக்காகவே அமைக்கப்படுகின்றன.

வினாவொன்றின் அமைப்பு

இனி மாதிரி வினாவொன்றை எடுத்துக்கொள்வோம். ‘ஒரு மாவட்டத்திலே நூலகம் உள்ள ஊர்கள் எல்லாவற்றிலும் வாசகர் வட்டம் இயங்குகின்றது. வாசகர் வட்டம் இயங்கும் ஊர்கள் சிலவற்றிற் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. அம்மாவட்டத்தைச் சேர்ந்த க என்னும் ஊரில் வாசகர் வட்டம் இல்லை.’ இதிலிருந்து பெறப்படத்தக்கது எது?

(அ) வாசகர் வட்டம் இயங்கும் ஊர்கள் எல்லாவற்றிலும் நூலகம் உண்டு.
(ஆ) நூலகம் உள்ள ஊர்கள் சிலவற்றிற் கூட்டுறவுச் சங்கம் உண்டு.
(இ) க என்னும் ஊரில் நூலகம் இல்லை.
(ஈ) க என்னும் ஊரில் நூலகம் அமைக்கப்படின் வாசகர் வட்டம் தோன்றும்.
(உ) க என்னும் ஊரார் வாசிப்பில் நாட்டமற்றவர்கள்.

இவற்றுள் (இ) மட்டுமே பெறப்படும். அங்கு நூலகம் இருந்திருப்பின் வாசகர் வட்டமும் இருந்திருக்கும், வட்டம் இல்லை, ஆகவே நூலகமும் இல்லை. பின்னுறுப்பை மறுத்து முன்னுறுப்பை மறுக்கும் இவ்விதியையே மறுத்து மறுத்தல் விதி என்பர்.

ஏனைய நான்கும் நான்கு வகையான மீறல்கள். (அ) எடுகூற்றைத் தலைகீழாகத் திருப்புகின்றது. இரும்புக் குண்டு இங்கு மீண்டும் தோன்றுகின்றது. (ஆ) சற்று நுட்பமான பொறி. இதன் பிழையைக் காண ஓர் எளிய வழியுண்டு. எடுகூற்றுகள் யாவும் உண்மையாகவும் முடிவு மட்டும் பொய்யாகவும் உள்ள ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்த்தல் வேண்டும். 10 ஊர்களில் வாசகர் வட்டம் உண்டெனவும், அவற்றுள் 3இல் மட்டும் நூலகம் உண்டெனவும், நூலகமில்லாத 7 ஊர்களுள் 2இற் கூட்டுறவுச் சங்கம் உண்டெனவும் கொள்வோம். எடுகூற்றுகள் எதுவும் மீறப்படவில்லை. ஆயினும் நூலகமுள்ள ஊர் ஒன்றிலேனும் கூட்டுறவுச் சங்கம் இல்லை. இத்தகைய மறுதலை உதாரணமொன்று கிட்டிய கணமே அம்முடிவு வலிதற்றதென்பது நிறுவப்பட்டுவிடுகின்றது.

(ஈ) உடனிகழ்ச்சியைக் காரணமாகக் கொள்கின்றது. வாசகர் வட்டம் வலுவாக இயங்கிய ஊர்களுக்கே நூலகம் வழங்கப்பட்டிருக்கலாம். இன்று உள்ள நிலைமை நாளைய விளைவுக்கு உத்தரவாதமாகாது. (உ) பந்தியில் எங்குமே பேசப்படாத மனநிலையொன்றைப் புகுத்துகின்றது. நிறுவனமின்மையிலிருந்து நாட்டமின்மைக்குத் தாவும் இவ்வாதம், வசதி மறுக்கப்பட்டோரையே குற்றவாளிகளாக்கும் வாதமென்பதும் மனங்கொள்ளத்தக்கது.

சொல்லும் தொகையும்

இரு சிறு பொறிகளைத் தனியே குறிப்பிடுதல் தகும். ஒன்று ‘சில’ என்னும் சொல். அன்றாடப் பேச்சில் ‘சில மாணவர் சித்தியடைந்தனர்’ என்றால் ஏனையோர் சித்தியடையவில்லை என்னும் குறிப்பும் உடன்வரும். அளவையியலிற் ‘சில’ என்பது ‘குறைந்தது ஒன்றேனும்’ என்பதற்கு மேல் எதுவும் உணர்த்தாது. எல்லோரும் சித்தியடைந்திருந்தாலும் ‘சில மாணவர் சித்தியடைந்தனர்’ என்பது உண்மையே.

மற்றையது விகிதம். தொழிற்சாலையொன்றிற் பெண் தொழிலாளரின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது என்னும் தரவிலிருந்து, பெண் தொழிலாளரின் தொகை கூடியது என்னும் முடிவு பெறப்படுமா? பெறப்படாது. முன்னர் 200 பேர் வேலை செய்திருப்பின் பெண்கள் 80 பேர். ஆட்குறைப்பின் பின்னர் 120 பேரே எஞ்சியிருப்பின் பெண்கள் 60 பேர். பங்கு உயர்ந்தது, 20 பெண்கள் வேலையிழந்தனர். வளர்ச்சி என்ற பெயரில் வெளியிடப்படும் அறிக்கைகளை வாசிப்போருக்கு இச்சிறு கணக்கின் பயன் சொல்லாமலே விளங்கும்.

நிச்சயமும் நிகழ்தகவும்

எல்லாச் சோதனைகளும் முற்றான நிச்சயத்தையே கோருகின்றன எனக் கொள்ளலாகாது. குட்வின் வாட்சன், எட்வேட் கிளேசர் ஆகிய இருவரும் ஆக்கிய விமரிசனச் சிந்தனைச் சோதனையின் அனுமானப் பகுதி ஐந்து விடைகளை அனுமதிக்கின்றது: உண்மை, பெரும்பாலும் உண்மை, தரவு போதாது, பெரும்பாலும் பொய், பொய். இங்கு எடுகூற்றுகள் முடிவுக்கு எவ்வளவு ஆதரவு வழங்குகின்றன என்பதே வினா. ஆகவே வினாவின் சொற்களை நுணுகி நோக்குதல் முதற்கடமையாகும். ‘கட்டாயமாகப் பெறப்படுவது’ எனின் ஒரேயொரு மறுதலை உதாரணம் போதும் விடையைத் தள்ளுவதற்கு. ‘மிகுதியும் ஆதரவு பெறுவது’ எனின் ஆதரவின் அளவை ஒப்பிடல் வேண்டும்.

ஐந்தனுள் நடுவே நிற்கும் ‘தரவு போதாது’ என்னும் விடையே ஒப்புக்கொள்வதற்கு மிகவும் கடினமானது. கற்றோர் எதற்கும் ஒரு கருத்து உடையோராய் இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகின்றது. பரீட்சையும் விடையளிப்பவனுக்கே புள்ளி வழங்கிப் பழக்கியுள்ளது. இந்நிலையில், ‘இத்தரவுகொண்டு கூறமுடியாது’ என்பது அறியாமையின் ஒப்புதலாகத் தோன்றுகின்றது. உண்மையில் அதுவும் ஓர் அறிவே. தரவின் எல்லை எதுவென்பது பற்றிய அறிவு.

பிழைக்கும் சமூக வேர் உண்டு

தவறாக நியாயித்தல் மந்த புத்தியின் விளைவு என்று எண்ணுவோருண்டு. ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டுகின்றன. 1966இல் பீற்றர் வேசன் என்னும் ஆங்கில உளவியலாளர் வகுத்த சோதனை பிரசித்தமானது. தமிழெழுத்தில் வைத்துக் கூறுவதாயின், நான்கு அட்டைகளில் அ, க, 4, 7 என்பன காணப்படுகின்றன. ஒவ்வோர் அட்டையின் ஒரு பக்கத்தில் எழுத்தும் மறுபக்கத்தில் எண்ணும் உண்டு. ‘ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருப்பின் மறுபக்கத்தில் இரட்டை எண் இருக்கும்’ என்னும் விதி மெய்யா என அறிய எவ்வட்டைகளைத் திருப்ப வேண்டும்? விடை அ, 7 என்பன. கல்வியறிவு பெற்றோருள்ளும் மிகப் பெரும்பாலோர் அ, 4 என்றோ அ மட்டுமென்றோ விடையளித்தனர். விதியை உறுதிப்படுத்தக்கூடியதையே அவர்கள் தேடினர். விதியைப் பொய்ப்பிக்கக்கூடிய 7ஐத் தேடவில்லை.

1982இல் கிறிக்ஸ், கொக்ஸ் ஆகியோர் இதே அமைப்பை, மது அருந்துபவர் குறித்த வயதுக்கு மேற்பட்டவராயிருத்தல் வேண்டும் என்னும் விதியாக மாற்றிக் கொடுத்தபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சரியாக விடையளித்தனர். அளவை வடிவம் மாறவில்லை, மாறியது உள்ளடக்கம். சமூக வாழ்வில் விதி மீறுவோரைத் தேடிப் பழகிய மனம் அங்கே தானாகவே பொய்ப்பிக்கும் உதாரணத்தைத் தேடிக்கொண்டது.

இதனோடு இணைத்து நோக்கத்தக்கது சோவியத் உளவியலாளர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெக்கிஸ்தான் முதலிய பகுதிகளில் மேற்கொண்ட ஆய்வு. இதன் முழு விவரம் 1974இலேயே நூலாக வெளிவந்தது. பனி மூடிய தூர வடக்கிற் கரடிகள் யாவும் வெண்ணிறத்தன. குறித்த ஓரிடம் அவ்வடக்கில் உள்ளது. அங்குள்ள கரடிகளின் நிறம் யாது என்று எழுத்தறிவற்ற விவசாயிகளிடம் வினவப்பட்டது. தாம் அவ்விடத்தைக் கண்டதில்லை, காணாததைப் பற்றித் தம்மாற் கூறமுடியாது என்பதே பலர் அளித்த விடையின் சாரம். குறுகிய காலமேனும் கல்வி பெற்று, கூட்டுப்பண்ணை நடவடிக்கைகளிற் பங்குகொண்டோர் தயக்கமின்றி விடை கூறினர்.

இதிலிருந்து அவ்விவசாயிகளுக்கு அளவையறிவு இல்லை என்னும் முடிவு பெறப்படுமா? இங்கும் அவதானம் தேவை. ‘காணாததைப் பற்றிக் கூறமாட்டேன், இதனைக் காணவில்லை, ஆகவே கூறமாட்டேன்’ என்பது தன்னளவில் வலிதான வாதமே. அவர்கள் மறுத்தது உய்த்தறிதலையன்று, பிறர் தந்த எடுகூற்றை ஆராயாது ஏற்பதனையே. பந்தியிலுள்ள கூற்றுகளை அந்நேரத்துக்கு உண்மையெனக் கொண்டு, தன் அனுபவத்தைப் புறத்தே நிறுத்தி நியாயித்தல் பாடசாலையிற் பயிலப்படும் ஒரு சமூக வழக்கு. அது பிறப்பாற் கிட்டுவதன்று. ஒரு வர்க்கத்துக்கோ இனத்துக்கோ உரித்தானதுமன்று. எனவே இச்சோதனைகளிற் குறைந்த புள்ளி பெற்றவர் ‘இயல்பாகவே ஆற்றல் குன்றியவர்’ என்னும் முடிவும் அச்சோதனைகளின் விதிகளின்படியே வலிதற்றதாகும்.

கூறப்படாத எடுகூற்று

நமது விமரிசனத் துறையில் வழங்கும் வாதமொன்றை இனிப் பரிசீலிப்போம். ‘இவ்வாசிரியர் மத்தியதர வர்க்கத்தவர், ஆகவே இவருடைய நாவல் மத்தியதர வர்க்க நோக்கை மீறமாட்டாது.’ இடையில் ஓர் எடுகூற்று மறைந்துள்ளது: எந்த ஆசிரியரும் தம் வர்க்க நோக்கை எழுத்தில் மீறார் என்பதே அது. மறைந்திருப்பதை வெளிப்படையாக எழுதிப்பார்த்தல் நியாயித்தற் சோதனைகள் கற்பிக்கும் பயனுள்ள பழக்கங்களுள் ஒன்று. எழுதிய உடனேயே அக்கூற்றின் பலவீனம் தெரியவருகின்றது. 1888இல் மார்கிரெட் ஹார்க்னசுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ், முடியாட்சிச் சார்பினரான பால்சாக் தமது வர்க்க அனுதாபங்களுக்கு எதிராகவே யதார்த்தத்தைச் சித்திரிக்க நேர்ந்தமையை எடுத்துக்காட்டினார். 1908இல் லெனின், பிரபு குலத்தவரான தோல்ஸ்தோயின் எழுத்துக்களிலே ருஷ்ய விவசாயிகளின் எதிர்ப்பும் அதன் பலவீனங்களும் பிரதிபலித்தமையை விளக்கினார். மார்க்சிய மூலவர்களே தந்த மறுதலை உதாரணங்கள் இவை. வர்க்கத் தோற்றத்திலிருந்து படைப்பின் நோக்கை நேரே உய்த்தறியலாமாயின் படைப்பை வாசிக்கவே வேண்டியதில்லை. அத்தகைய விமரிசனம் பரீட்சையில் பந்தியை வாசியாது விடையைத் தெரிவுசெய்வது போன்றது.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம்

இதுவரை கூறியவை யாவும் கையாளப்பட வேண்டிய ஓர் இடம் நமது அண்மை வரலாற்றில் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 1971இல் மருத்துவ பீடங்களுக்கெனத் தமிழ் மாணவர்க்கு விதிக்கப்பட்ட தகைமைப் புள்ளி 400க்கு 250. சிங்கள மாணவர்க்கு 229. இவ்விரு எண்களை மட்டும் எடுகூற்றுகளாகக் கொண்டு பெறப்படுவது யாது?

பெறப்படுவது ஒன்றுண்டு. 229க்கும் 249க்கும் இடைப்பட்ட ஒரே புள்ளியைப் பெற்ற இருவருள் ஒருவருக்குத் தகைமை உண்டு, மற்றவருக்கு இல்லை. சம புள்ளி சமமாக நடத்தப்படவில்லை. இம்முடிவுக்கு எவருடைய உள்நோக்கத்தையும் துணைக்கழைக்க வேண்டியதில்லை. எண்களை ஏற்பவர் இதனை மறுத்தல் இயலாது.

பெறப்படாதவை பல. தமிழ்மொழி மூலம் திருத்தியோர் புள்ளிகளைக் கூட்டி வழங்கினர் என்னும் குற்றச்சாட்டு அக்காலத்தில் எழுப்பப்பட்டது. தமிழ் மாணவர் விகிதாசாரத்துக்கு மேலாக அனுமதி பெற்றனர் என்பதிலிருந்து அம்முடிவு பெறப்படாது. விஞ்ஞானக் கல்விக்கான வசதிகள் சில மாவட்டங்களிற் செறிந்திருந்தமை, அரச தொழிலையும் உயர்தொழிலையும் நாடிய சமூக நிலைமை எனப் பல காரணங்கள் ஒரே விளைவைத் தரக்கூடும். விளைவிலிருந்து தமக்கு உவப்பான ஒரு காரணத்துக்குத் தாவியமை பின்னுறுப்பை விதித்தற் போலியே. அப்போலி பாமரரின் பிழையாக நின்றுவிடவில்லை. கொள்கைக்கு நியாயமாக முன்வைக்கப்பட்டது. அதன் விளைவை ஒரு தலைமுறை மாணவர் அனுபவித்தனர்.

எதிர்த்தரப்பின் பிழையைக் காண்பது எளிது. ‘அனுமதி பெற்ற சிங்கள மாணவர் யாவரும் தகுதி குறைந்தோர்’ என்பதும் அவ்விரு எண்களிலிருந்து பெறப்படாது. அவர்களுட் பலர் 250க்கு மேற் பெற்றிருக்கலாம். ‘சிங்கள மக்கள் அனைவரும் இதனால் நன்மையடைந்தனர்’ என்பதும் பெறப்படாது. பல்கலைக்கழக வாயிலை எட்டாத கிராமிய ஏழை மக்களுக்குத் தகைமைப் புள்ளியினால் ஆவதொன்றில்லை. இவ்விரண்டு முடிவுகளும் நம்மிடையே மேடைகளில் ஒலித்தவையே. வலிதான முடிவு ஒன்றே அநீதியை நிறுவுவதற்குப் போதுமானதாயிருந்தது. அதற்குமேல் ஏற்றப்பட்ட ஒவ்வொன்றும் எதிர்த்தரப்புக்கு மறுப்பதற்கு எளிய இலக்கைக் கொடுத்தது; மிகையை மறுத்தவர் அநீதியையே மறுத்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள வாய்ப்பு ஏற்பட்டது. இரு இனங்களின் உழைக்கும் மக்களிடையே உறவைத் தேடியோர்க்கு அது பேரிழப்பாகும்.

முடிவாக

விமரிசன நியாயித்தல் வினாவொன்றை அணுகுவோர் நான்கு காரியங்களைச் செய்தல் வேண்டும். தரப்பட்ட கூற்றுகள் எவை, அவை எவற்றைக் கூறவில்லை என்பதை வரையறுத்தல். ‘எல்லா’, ‘சில’, ‘மட்டுமே’ முதலிய சொற்களின் பரப்பை அளத்தல். ஒவ்வொரு விடைக்கும் மறுதலை உதாரணம் உண்டா எனத் தேடுதல். தமக்கு உவப்பான விடையையே எல்லாவற்றினும் கடுமையாகச் சோதித்தல். நான்காவதே கடினமானது. வேசனின் சோதனையில் 7ஐத் திருப்பாது விட்டோர் அறிவிலிகளல்லர். தமது விதியை நேசித்தவர்கள்.

முறைசார் அளவையியலுக்கு எல்லை உண்டென்பதும் மெய்யே. எடுகூற்று உண்மையா என்பதை அது கூறாது. அதனைத் தரவுகளும் வரலாறும் நடைமுறையுமே கூறல் வேண்டும். உலகம் மாறுகின்றது, முரண்பாடுகளால் இயங்குகின்றது என்பதும் அதன் வரம்புக்குட் படாதது. ஆயினும் இயக்கவியலைக் கையாள்வோர் ஒரு பந்தியிலிருந்து அதில் இல்லாததை உய்த்தறியும் உரிமையைப் பெற்றுவிடுவதில்லை. நியாயமான கட்சியில் நிற்பவர்க்கு மிகைக்கூற்று தேவையில்லை. பெறப்படுவதை மட்டும் கூறி நிறுத்துவதே அவர்க்குப் பலம்.